தூங்கானை மாடக் கோயில்களை எப்படிப் பார்க்க வேண்டும்?

கேள்வி: அம்பத்தூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம்.

பாடியில் உள்ள திருவலிதாயம் திருவல்லீசுவரர் கோயிலுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போய்வருகிறேன். திருமணமாகி அம்பத்தூருக்கு வந்த முதல் வாரத்திலேயே என் மாமியார் கைபிடித்து அழைத்துச் சென்ற கோயில் அது. வியாழக்கிழமையில் குரு பகவானுக்கு விளக்கேற்றி, மூலவரைத் தரிசித்து, பிராகாரத்தை வலம் வந்து, கொடிமரத்தடியில் விழுந்து வணங்கிவிட்டு வீடு திரும்புவதுதான் எங்கள் வழக்கம். சென்ற மாதம், கட்டடக்கலை முதலாண்டு படிக்கும் என் மகளும் உடன் வந்தாள். கருவறையின் பின்புறம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். "அம்மா, இந்தக் கோயிலுக்குப் பின்பக்கம் மூலையே இல்லையே, கவனித்திருக்கிறாயா?" என்று கேட்டாள். தெற்குச் சுவர் எங்கே முடிகிறது, வடக்குச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி, சுவர் முழுவதும் ஒரே வளைவாகத் திரும்பிப் போகிறது. இத்தனை ஆண்டுகள் அதே இடத்தில் நடந்தும் என் கண்ணில் அது படவேயில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கோயிலில் இருந்த பெரியவர் ஒருவர், இதற்குத் 'தூங்கானை மாடம்' என்று பெயர் என்றும், யானை படுத்திருப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் இருப்பதால் அப்படிச் சொல்வார்கள் என்றும் கூறினார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. மகளோ இப்படிப்பட்ட கோயில்களை எல்லாம் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். சென்னையைச் சுற்றி வேறு எங்கெல்லாம் இந்த வடிவம் இருக்கிறது? அங்கே போனால் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? எல்லாக் கோயிலும் சதுரமாக இருக்கும்போது சிலவற்றை மட்டும் ஏன் இப்படி வளைத்துக் கட்டினார்கள்? எண்பது வயதைக் கடந்த என் மாமனாரும் எங்களுடன் வர விரும்புகிறார். கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். படிகள் அதிகமிருந்தால் சிரமப்படுவார். அதையும் மனத்தில் கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தொண்டைநாட்டான்

வணக்கம் சகோதரி. உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. உங்கள் கண்ணில் படாமல் போனதற்கு நீங்கள் வருந்த வேண்டியதில்லை. இந்தக் கோயில்களில் முன்னால் அர்த்த மண்டபமும் மகா மண்டபமும் நீண்டு நிற்பதால், வாசலில் நின்று பார்ப்பவருக்கு வளைவு தெரியவே தெரியாது. பின்னால் வரும்போது நாம் பெரும்பாலும் தலைகுனிந்து, வாய்க்குள் ஏதாவது சொல்லிக்கொண்டே நடந்துவிடுகிறோம்.

சிற்ப நூல்களின் வழக்கில் இதற்குக் கஜபிருஷ்ட விமானம் என்று பெயர். விமானம் என்பது கருவறையும் அதன்மேல் எழும் கட்டடமும் சேர்ந்தது. கஜபிருஷ்டம் என்றால் யானையின் முதுகுப்புறம். தமிழில் தூங்கானை மாடம் என்பது மிகப் பழைய சொல். கடலூர் மாவட்டத்துப் பெண்ணாகடத்தில் உள்ள சிவன் கோயிலின் பெயரே திருத்தூங்கானைமாடம் என்பதுதான். தேவாரம் ஊரை ஒரு பெயராலும் கோயிலை அதன் வடிவத்தாலும் தனித்தனியே குறிக்கிறது. அப்படியென்றால் 7 ஆம் நூற்றாண்டிலேயே இந்த வடிவம், பெயர் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும் அளவுக்குத் தமிழகத்தில் நிலைபெற்றிருந்தது என்று பொருள். பழந்தமிழில் 'தூங்கு' என்பதற்கு உறங்குதல் என்பதோடு தொங்குதல், அசைதல் என்ற பொருள்களும் உண்டு. ஆகவே அசைந்து நிற்கும் யானை என்று கொண்டாலும் தவறில்லை. எனக்கென்னவோ அந்தப் பொருளே கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து தொடங்குவோம். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் உங்களுக்கு அடுத்த ஊர்தான். அங்கும் விமானம் தூங்கானை மாடம். கருவறைக்கு முன்னால் உள்ள இரண்டு எருக்கந்தூண்களையும், சுவாமியைப் பார்க்காமல் வெளிநோக்கித் திரும்பியிருக்கும் நந்தியையும் பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள்; பின்பக்கத்துக்காகப் போகிறவர் மிகக் குறைவு. திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் கருவறையும் இந்த வடிவமே. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதரின் ஏற்பாட்டில் அது கருங்கல்லால் எடுக்கப்பட்டது. கட்டிய தச்சரின் பெயர் இரவி என்றும், அவருக்கு வீரசோழத் தச்சன் என்ற பட்டம் இருந்தது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்த வளைவைக் கணக்கிட்டவரின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு பெரிய பேறு!

தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர், விமான நிலையத்துக்கு எதிரே மலைகளுக்கு நடுவில் திருச்சூலம், குன்றத்தூர்ப் பக்கம் சோமங்கலம், அதற்கும் அப்பால் மணிமங்கலம் தர்மேசுவரர் என்று தெற்குப் பக்கம் ஒரு வரிசையே உண்டு. ஒருநாள் முழுவதும் ஒதுக்க முடியுமானால் திருத்தணிக்குச் செல்லுங்கள். மலைமேல் முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடாமல், கீழே ஊருக்குள் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலையும் பாருங்கள். அபராசித பல்லவன் காலத்தில், 9 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சிறிய கோயில் அது. அடி முதல் முடி வரை கல்லாலேயே ஆனது. அங்குள்ள தமிழ் வெண்பா ஒன்று அந்த அரசனே இயற்றியது என்று கல்வெட்டே குறிப்பிடுகிறது. மலைக்குப் போய்வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பௌர்ணமியன்று போகாதீர்கள். அன்று மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் மூன்று ஊர் அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் கூட்டம் அலைமோதும். அந்த வழியில் குறைந்தது இரண்டு தூங்கானை மாடங்கள் இருக்கின்றன; ஆனால் அன்று நின்று பார்க்க இடமே கிடைக்காது.

பதில்: உளியோசை

அம்மா, வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கல்வேலை. எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அண்ணாந்து பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள். வளைவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. நல்ல தூங்கானை மாடத்தில் அது கூரையில் தொடங்குவதில்லை; தரையை ஒட்டிய அதிட்டானத்திலேயே, அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்திலேயே, தொடங்கிவிடுகிறது. சகதி என்கிற அடிப்படை, அதன்மேல் உருண்டோ பட்டை பிடித்தோ வரும் குமுதம், அதற்கு மேலுள்ள கண்டம் என எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே வளைவைச் சுற்றிக்கொண்டு போகும். அதன்மேல் சுவர், சுவருக்கு மேல் கபோதம் என்கிற வளைந்த கூரை விளிம்பு, அப்புறம் கழுத்து, சிகரம் என்று மேலே ஏற ஏற வளைவு சுருங்கிக்கொண்டே வரும். ஆனால் உருவம் மாறாது. கபோதத்தில் உள்ள கூடுகளை, அதாவது லாட வடிவச் சிறு அலங்கார வளைவுகளைப் பாருங்கள். நேர்ச்சுவரில் வரிசையாக நம்மையே பார்க்கும் கூடுகள், வளைவில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

இதில் உள்ள உழைப்பு என்னவென்றால், நேர்ச்சுவருக்குக் கல்லை முழம் போட்டு வெட்டிச் சமன் செய்து அடுக்கிவிடலாம். வளைவுக்கு வரும் ஒவ்வொரு கல்லின் முகமும் அந்த வட்டத்தின் ஒரு துண்டாக இருக்க வேண்டும். இரண்டு கல் சேரும் இடத்தில் முகம் நூலளவு வெளியே தள்ளினாலும் மாலை வெயிலில் காட்டிக் கொடுத்துவிடும். விரலால் தொடாமல், சுவருக்குப் பக்கவாட்டில் கண்ணை வைத்துக் குமுதத்தின் மேல்விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டே இரண்டடி நடந்து பாருங்கள். சதுரக் கோயிலில் நிழல் மூலையில் சட்டென்று முறியும். இங்கே நிழல் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டு போகும். இதைப் பார்த்துவிட்டால் உங்கள் மகளுக்கு வேறு பாடம் தேவைப்படாது.

அடுத்து மேலே பாருங்கள். சதுர விமானத்தின் உச்சியில் ஒரே ஒரு ஸ்தூபிதான், அதாவது கலசம்தான், நிற்க முடியும். தூங்கானை மாடத்தின் சிகரம் வண்டிக் கூண்டுபோல் நீளமாக இருப்பதால், அதன் முதுகெலும்பு நெடுகக் கலசங்கள் வரிசையாக நிற்கும். முன்பக்கம் அந்தக் கூண்டின் வாய் தெரியும் இடத்தில் பெரிய நாசி, அதாவது குதிரை லாட வடிவில் ஒரு முகப்பு, வைத்திருப்பார்கள். பின்பக்கம் அந்தக் கூண்டு வாயில்லாமல் உருண்டு மூடிக்கொள்ளும். கல்லால் ஆனது கூரை விளிம்பு வரைதான், அதற்குமேல் செங்கல்லும் சுதையும் என்பதைப் பல கோயில்களில் காணலாம். திருத்தணியில் உச்சிவரை கல் என்பதால்தான் எங்கள் ஆட்கள் அதை அவ்வளவு மதிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வடிவத்தைப் பார்க்க நீங்கள் அவ்வளவு தூரம் போகாமலும் இருக்கலாம். எந்தச் சதுர விமானத்திலும் ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் மூலைக்கு ஒரு கூடம், நடுவில் ஒரு சாலை என்று குட்டிக் கோயில்களை வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றுக்கு இடையில் ஒடுக்கமாக, நெற்றியில் நாசியோடு நிற்பதற்குப் பஞ்சரம் என்று பெயர். அந்தப் பஞ்சரம் வேறொன்றுமில்லை, முன்பக்கமிருந்து பார்க்கும் தூங்கானை மாடம்தான்! யானை தன் உடம்பைச் சுவருக்குள் விட்டுவிட்டு முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறது என்று என் தாத்தா சொல்வார்.

மனத்தில் இருக்கும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கோயிலில் திருப்பணிக்குப் போயிருந்தேன். பிராகாரத்தில் மழைநீர் தேங்குகிறது என்று தரையை ஏறக்குறைய ஒரு முழம் உயர்த்திக் கல் பாவிவிட்டார்கள். நீர் வடிய வேறு வழி செய்யலாம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னோம், கேட்கவில்லை. சகதி முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது, குமுதத்தில் பாதிதான் வெளியே தெரிகிறது. கால் மறைந்த யானைபோல் இப்போது அது நிற்கிறது. ஆகவே நீங்கள் போகும் கோயிலில் அடிப்பகுதி முழுதாகத் தெரிந்தால், அதைப் பாதுகாத்தவர்களை மனதார வாழ்த்துங்கள்.

பதில்: காவிரிக்கரை

கோச்செங்கட் சோழன் யானை புகமுடியாதபடி எழுபதுக்கும் மேற்பட்ட மாடக்கோயில்களைக் கட்டினான் என்று படித்திருக்கிறேன். முற்பிறவியில் சிலந்தியாக இருந்தபோது யானையோடு ஏற்பட்ட பகைதான் காரணம் என்பார்கள். தூங்கானை மாடம் என்பதும் அந்த மாடக்கோயில் வகைதானே? யானைக்கு எதிராகக் கட்டியதற்கு யானையின் பெயரையே ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஐயம்.

பதில்: தொண்டைநாட்டான்

ஐயா, இரண்டும் வேறு வேறு. மாடக்கோயில் என்பது உயரத்தைப் பற்றியது. கருவறையை ஓர் உயர்ந்த மேடைமேல் எழுப்பி, படியேறித்தான் செல்ல வேண்டும் என்று அமைப்பது அது. தூங்கானை மாடம் என்பது தரைப்படத்தின் வடிவத்தைப் பற்றியது. தரைமட்டத்திலேயே இருக்கலாம், படியே இல்லாமலும் இருக்கலாம். 'மாடம்' என்ற சொல் இரண்டிலும் வருவதால் பலருக்கும் இந்த மயக்கம் ஏற்படுகிறது.

அப்பர் ஒரு தாண்டகத்தில் பெருங்கோயில் எழுபத்தெட்டு என்று சொல்லிவிட்டு, கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று தொடர்ந்து அடுக்குகிறார். அவற்றில் கரக்கோயில் என்று போற்றப்படுவது காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள மேலக்கடம்பூர். கருவறையே சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர்போல அமைந்த கோயில் அது. இன்று நாம் பார்க்கும் கற்றளி, அதாவது கற்கோயில், முதலாம் குலோத்துங்கன் காலத்தது. தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் முன்மண்டபத்தைத் தேராக்கினான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே கருவறையைத் தேராக்கிய ஊர் கடம்பூர். கோயிலின் உருவத்தை இப்படி வகை பிரித்துப் பெயரிட்டு வணங்கும் மரபு நமக்கு இருந்திருக்கிறது. இன்று எல்லாவற்றையும் 'பழைய கோயில்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம் என்பதுதான் வேதனை.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

ஏன் வளைத்துக் கட்டினார்கள் என்ற சகோதரியின் மூன்றாம் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்த வடிவத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால் நாம் மராட்டிய நாட்டின் மலைக்குகைகளுக்குப் போய்ச் சேருவோம். பாஜா, கார்லா ஆகிய இடங்களில் பௌத்தர்கள் மலையைக் குடைந்து அமைத்த சைத்தியக் கூடங்கள், அதாவது வழிபாட்டுக் கூடங்கள், நீண்ட செவ்வகமாகத் தொடங்கி, உள்முனையில் அரைவட்டமாக முடிகின்றன. அந்த அரைவட்டத்தின் நடுவில் அவர்கள் வணங்கும் அரைக்கோள வடிவத் தூபி இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வரிசைத் தூண்கள், தூண்களுக்கும் பாறைக்கும் இடையில் நடைவழி. மக்கள் ஒரு பக்கமாக உள்ளே போய், தூபியை வலம் வந்து, மறுபக்கமாக வெளியே வருவார்கள். மூலைகள் இருந்தால் அந்த நடை தடைப்படும். வளைவு இருந்தால் நடை தடையின்றி ஓடும். கார்லாவின் கூரையில், முன்னர் மரத்தால் கட்டியதன் நினைவாகப் பாறையில் பொருத்திய மர வளைகள் ஏறத்தாழ 2000 ஆண்டுகளைக் கடந்து இன்னும் இருக்கின்றன. மூங்கிலையும் மரத்தையும் வளைத்துக் கூரை வேய்ந்த காலத்தின் வடிவம் அது என்பதை அந்த மரமே சொல்கிறது.

இதனால் தூங்கானை மாடம் பௌத்தர்களிடமிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. அது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இருந்த பழைய கட்டட வடிவம், அவரவர் தத்தம் தெய்வத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்போரும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. திருப்பதிக்கு அருகே குடிமல்லத்தில், கிறித்துவுக்கு முற்பட்டது என ஆய்வாளர் பலரும் கொள்ளும் சிவலிங்கம் இருக்கும் கருவறை இதே வளைவோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆந்திரத்துச் சேசர்லாவிலும் கருநாடகத்து ஐகொளெயிலும் இந்த வடிவம் உண்டு. ஐகொளெயில் உள்ளதைத் துர்க்கை கோயில் என்பார்கள். ஆனால் அந்தப் பெயர் துர்க்கையம்மனால் வந்ததன்று, அருகில் இருந்த துர்க்கத்தால், அதாவது கோட்டையால் வந்தது. இப்படித் தக்காணம் முழுவதும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் வடிவம், தொண்டை மண்டலத்தில் மட்டும் ஊருக்கு ஊர் செழித்து நிற்கிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சைத்தியத்தில் மக்கள் உள்ளே வலம் வந்தார்கள்; நாம் வெளியே வலம் வருகிறோம். இரண்டிலும் அந்த வளைவு நடக்கிறவருடைய காலுக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது. சதுரக் கோயிலை வலம் வருகிறவர் நான்கு சுவர்களைத் தனித்தனியே பார்த்து நான்குமுறை திரும்புகிறார். தூங்கானை மாடத்தில் தெற்கே தட்சிணாமூர்த்தியை வணங்கிவிட்டு நடந்தால், திரும்பினோம் என்ற உணர்வே இல்லாமல் மேற்கே லிங்கோத்பவரிடம் வந்து, அப்படியே வடக்கே பிரம்மனிடம் போய்விடுகிறோம். ஆகவே ஒரே இடத்தில் நின்று இந்த வடிவத்தைப் பார்க்க முடியாது. நடந்துதான் பார்க்க வேண்டும்.

மகளை மாமல்லபுரத்துக்கும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். ஐந்து இரதங்களில் சகாதேவ இரதம் என்று சொல்லப்படுவது ஒரே பாறையில் செதுக்கிய தூங்கானை மாடம். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தார் சூட்டியவை. உள்ளே வழிபாட்டுத் திருமேனி எதுவும் இல்லை. அது தெற்கு நோக்கியது; நாமோ வடக்கிலிருந்து உள்ளே நுழைகிறோம். எனவே நமக்கு முதலில் தெரிவது அதன் வளைந்த முதுகுதான். அதற்குப் பக்கத்திலேயே பல்லவச் சிற்பி ஒரு முழு யானையையும் செதுக்கி, அதையும் அதே திசை நோக்கி நிறுத்தியிருக்கிறான். கல் யானையின் முதுகும் கோயிலின் முதுகும் அருகருகே நிற்கும். பெயருக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

பதில்: குருக்கள் வீட்டுப் பிள்ளை

அம்மா, பெரியவரை அழைத்துச் செல்வதாகச் சொன்னதால் சில நடைமுறைச் செய்திகளைத் தெரிவிக்கிறேன்.

நீங்கள் பார்க்க விரும்புவது பின்புறம் என்பதால் மாலை நடை திறந்தவுடன் செல்லுங்கள். பாடி, திருமுல்லைவாயில், திருவொற்றியூர் மூன்றிலும் சுவாமி கிழக்கு நோக்கியவர்; ஆகவே வளைந்த பகுதி மேற்குப் பார்த்தது. காலையில் அங்கே நிழல்தான் இருக்கும். மாலை நான்கரையிலிருந்து ஐந்தேகால் வரை வெயில் சாய்ந்து விழும். அதற்குமேல் மதில் மறைத்துவிடும். திருவொற்றியூரில் மூலவர் புற்று வடிவினர் என்பதால் ஆண்டு முழுவதும் கவசத்தோடுதான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டுமே கவசம் களையப்படும். அந்த நாள்களில் தரிசனத்துக்காக வாருங்கள். விமானத்தைப் பார்க்க வேறு நாளில் வாருங்கள். மாடம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை இராகு காலத்தில் சரபேசுவரருக்குப் பெரும் கூட்டம் கூடும். மற்ற நாள்களில் அமைதியாக இருக்கும்.

வடபுறத்தில் சண்டிகேசுவரருக்கும் கருவறைச் சுவருக்கும் இடையே குறுக்கே போக வேண்டாம். அங்கே அபிடேக நீர் வெளிவரும் கோமுகை இருக்கும். பார்க்க வேண்டியவற்றைப் பிராகாரத்தில் நின்றே பார்க்கலாம். உயர்நீதிமன்ற ஆணைக்குப் பிறகு பல கோயில்களில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். படம் எடுக்க முடியாமல் போகலாம். மகள் ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொண்டு வரட்டும். படம் வரைகிற பிள்ளைகளை எங்கள் கோயிலில் யாரும் இதுவரை தடுத்ததில்லை.

பெண்ணாகடத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். விருத்தாசலத்தில் இறங்கினால் பேருந்து கிடைக்கும். அங்கே கருவறைச் சுவரில் பலகணிகள், அதாவது சன்னல்கள், வைத்திருப்பதால், வலம் வரும்போதே உள்ளிருக்கும் பிரளயகாலேசுவரரைக் காணலாம். அப்பர் பெருமான் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பெற்ற தலமும் அதுவே. பின்னால் உள்ள கட்டுமலைக்கு, அதாவது உயர்த்திக் கட்டிய மேடைமேல் உள்ள சன்னிதிக்கு, படியேற வேண்டும். பெரியவர் கீழேயே அமர்ந்திருக்கலாம்.

கேட்டவர்: அம்பத்தூர் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை திருமுல்லைவாயிலுக்குப் போய்வந்தோம்.

நான்கு மணிக்கெல்லாம் கோயிலில் இருந்தோம். உளியோசை ஐயா சொன்னபடி முதலில் அண்ணாந்து பார்க்காமல் குனிந்தே நடந்தேன். அடிவரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து போவதைக் கண்டதும், பழக்கப்பட்ட கோயிலுக்குள் இன்னொரு கோயில் இருப்பதுபோல் தோன்றியது. வளைவில் நிழல் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டு போவதை மகள் குறிப்பேட்டில் வரைய முயன்றாள். ஐந்து முறை அழித்துவிட்டாள். கோடு போட்டால் மூலை வந்துவிடுகிறது, கோடே போடாமல் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால்தான் வருகிறது என்று கடைசியில் அவளே கண்டுபிடித்தாள்.

என் மாமனாருக்குச் சில ஆண்டுகளாகப் பார்வை மங்கல். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், தெற்குப் பக்கத்தில் தட்சிணாமூர்த்தியைக் கும்பிட்டுவிட்டு, எங்களை விலகச் சொல்லி, கைத்தடியின் நுனியை ஒரு தளக்கல்லின் விளிம்பில் வைத்துக்கொண்டு தனியாக நடந்தார். வடக்கே சண்டிகேசுவரர் சன்னிதி முன் வந்து நின்றதும், "திரும்பவேயில்லையே, அதற்குள் வந்துவிட்டோமா?" என்று கேட்டார். ஆசிரியர் ஐயா எழுதியதை நாங்கள் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் திருத்தணிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். வீரட்டானேசுவரர் கோயிலுக்கு வாசல் வரை வண்டி போகுமா என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: தொண்டைநாட்டான்

நான் சென்றபோது ஆட்டோ கோயிலுக்கு மிக அருகில் வரை போனது, சகோதரி. மலையடிவாரத்திலேயே ஓட்டுநரிடம் 'கீழே உள்ள சிவன் கோயில், வீரட்டானேசுவரர்' என்று தெளிவாகச் சொல்லி ஏறுங்கள். இல்லையென்றால் மலைமேல் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சின்னக் கோயில் என்பதால் நடை சாத்தும் நேரத்தை அங்கேயே ஒருமுறை விசாரித்துக்கொண்டு, முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு மலைக்குப் போங்கள்.